கூடாரத்துக்குள் மெழுகுதிரி

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் மறுநாளே, அவர் இப்போது குடியிருக்கிற மெல்பர்ன் பக்கத்து வெரிபீயிலிருந்து ஃபோன் வரும். "என்னைப் பற்றி எழுதினியாம் பிள்ளை. அடுப்பை நிப்பாட்டிப் போட்டோ எழுத இருந்தனி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அதனால் வெறும் அன்ரி. சிட்னித் தமிழர்களிடையே ஐம்பதைத் தாண்டிய பெண்கள் எல்லோருமே அன்ரிதான் என்பதால் ஆளைப் பிடிப்பது கஷ்டம். பழகியவர்களுக்கு மட்டும் அடுத்த பத்தியிலேயே தெரிந்துவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்போது சிட்னி செவன் ஹில்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீடு அவருடையது. நாங்கள் குடிபோன அன்று பால் காய்ச்சிவிட்டுக் கூப்பிட்டேன். வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், என்னைப் பார்த்துச் சிரித்தார், நேரே அடுப்படிக்குப் போனார். அடுப்பின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். சுவரில் செருகியிருந்த இஸ்திரிப்பெட்டி வயரைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் வந்து உட்கார்ந்து, "உங்கட குசினி நல்ல வடிவு" என்றார். நான் மதுரைக்காரி. என் மாமியாரே என் அடுப்படியை இப்படிச் சோதனை போட்டதில்லை. வந்த கோபத்துக்கு, அவர் போனதும் அந்த வயரை வேண்டுமென்றே மறுபடி செருகி வைத்தேன். பிறகு ராத்திரி தூக்கம் வராமல் எழுந்துபோய் நானே பிடுங்கினேன்.

பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான் அவர். தெருவில் நிற்கிற காரில் விளக்கு எரிந்தால், யாருடைய கார் என்று தெரிகிறவரை வீடு வீடாகத் தட்டுவார். கடையில் யாரோ ஒருவரின் கைப்பை திறந்திருந்தால் அவரே ஜிப்பை இழுத்து மூடிவிடுவார். ஒருமுறை ஸ்ட்ராத்ஃபீல்டில் சாமான் வாங்கிக்கொண்டு ரயிலில் வந்துகொண்டிருந்தோம். எதிரே கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். செவன் ஹில்ஸ் வந்ததும் அன்ரி அவர் தோளைத் தட்டினார். "சார், யுவர் ஸ்டேஷன்?" அந்த மனிதர் பதறியடித்து, பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்களோடு குதித்து இறங்கினார். ரயில் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அவர் போக வேண்டிய ஊர் மலைமேல் எங்கேயோ இருக்கிறது.

எனக்கு அங்கேயே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. அன்ரிக்கு ஒன்றும் ஆகவில்லை. "பிழையான இடத்தில இறங்கினா அடுத்த ரயில் வரும் பிள்ளை. நித்திரையில இடத்தைத் தவறவிட்டா ஆர் வந்து எழுப்பிறது?" என்றார். அடுத்த ரயில் வருகிறவரை அந்த மனிதரோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, வாங்கி வந்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தார். கோட்டுக்காரரும் முதலில் முறைத்தார், பிறகு சாப்பிட்டார், ரயில் ஏறும்போது கையசைத்துவிட்டுப் போனார். அன்ரியிடம் கோபித்துக்கொண்டவர்கள் எல்லோரும் கடைசியில் அப்படித்தான் ஆனார்கள், என்னையும் சேர்த்து.

அவர் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரைக்காரர். அங்கிளோடும் மகளோடும் படகில் வந்தவர். அகதிகள் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வெளியே வந்து, செவன் ஹில்ஸ் தொழிற்பேட்டையில் உறைய வைத்த மீனும் இறைச்சியும் பொட்டலம் போடுகிற குளிர்க்கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். விசா தற்காலிகமானது. அது முடியும், நீளும், மறுபடி முடியும். எப்போது எழும்பிப் போகச் சொல்வார்களோ என்ற பயம் அந்த வீட்டில் ஒரு ஆள் மாதிரி குடியிருந்தது. அதற்காக அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். நிரந்தர விசா வருகிறவரை ஒவ்வொரு நாள் பொழுதுபடும் நேரமும் அந்தோனியார் முன்னால் ஒரு மெழுகுதிரி. ஒரு நாளும் தவறக்கூடாது. கொளுத்திய திரி தானாக எரிந்து முடிய வேண்டும். நடுவில் காற்றில் அணைந்துவிட்டால், அன்ரி பாஷையில் நூர்ந்துவிட்டால், அதை எடுத்துப்போட்டுவிட்டு, புதுத் திரியில் முதலிலிருந்து தொடங்குவார்.

திரி எரிகிறவரை பக்கத்தை விட்டு அசையமாட்டார். வெங்காயம் உரிப்பதானாலும் மன்னாருக்கு ஃபோன் பேசுவதானாலும் அதன் பக்கத்திலேதான். மாலை ஷிப்டில் வேலை இருந்தால், இடைவேளையில் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, காரின் முன்மூடியில் உள்ளங்கை உயர அந்தோனியார் சிலையை, அவர் சொல்கிற சுருவத்தை, வைத்து, ஒரு ஜாம் போத்தலுக்குள் துண்டுத் திரியைக் கொளுத்திவிட்டுக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்பார். அங்கிளிடம்கூட விட்டுவிட்டுப் போகமாட்டார். "அவர் நல்ல மனிசன். ஆனா இருந்தா நித்திரை" என்பார். அங்கிள் அதை மறுத்ததில்லை. பெரும்பாலும் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவருக்குக் கார்ப் பந்தயத்தில் பைத்தியம் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. சிட்னிக்கு மேற்கே மலைமேல் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய பந்தயத்தை முதல் வருஷம் டிவியில் பார்த்தாராம். "எங்கட ஊர்த் திருவிழாவுக்கு வள்ளப் போட்டி வைக்கிறவை. அதுக்குப் பிறகு இப்பதான் நெஞ்சு இப்பிடி அடிக்குது" என்றார். அந்தப் பந்தயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சி. சிவப்புக் கார்க் கட்சி, நீலக் கார்க் கட்சி. பரம்பரைப் பகை. அன்ரி சிவப்பு. அவர்கள் வாங்கிய முதல் பழைய கார் சிவப்புக் கம்பெனிக்காரன் செய்தது, அதுதான் காரணம். அந்தக் கார் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது, கட்சி மட்டும் மாறவில்லை.

என் வீட்டுக்காரருக்கும் அதே பைத்தியம். ஆகவே இரண்டு குடும்பமுமாக, பந்தயப் பாதையோரம் கூடாரம் போட்டு நான்கு நாள் தங்கப் போக ஆரம்பித்தோம். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்து சேருவதற்கு அவ்வளவு பெட்ரோல் தேவையில்லை. சொந்தக் கட்டில் இருக்கும்போது காசு கொடுத்து மண்ணில் படுப்பதும் தேவையில்லை. அக்டோபரில் அந்த மலையில் அடிக்கிற குளிர் எலும்பில் போய் உட்காரும். ஆனாலும் வருஷா வருஷம் போனேன். அன்ரி போனதால் போனேன்.

முதல் வருஷமே அவர் அங்கே பேர் வாங்கிவிட்டார். எங்கள் பக்கத்துக் கூடாரத்தில் நீலக் கட்சிக்காரர் ஒருவர். ஆறடிக்கு மேல், நெஞ்சு வரை தாடி, கை முழுக்கப் பச்சை குத்தல், குழாய் பழுது பார்க்கிற வேலை. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவர் கரி அடுப்பில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தவர், தணலோடு அடுப்பைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைத்து, குளிருக்கு இதமாக ஜிப்பையும் இழுத்துவிட்டார். அன்ரி மூக்கை உயர்த்தினார். அடுத்த நிமிஷம் குடையை எறிந்துவிட்டு ஓடி, அந்தக் கூடாரத்தின் ஜிப்பைக் கிழிக்காத குறையாகத் திறந்தார்.

"அவுட்! யூ அவுட்! தணலை உள்ளுக்க வைச்சுப் பூட்டிக்கொண்டு இருக்கிறியோ? விசரா உனக்கு? நெருப்பெண்டா எரியும், கத்தலாம். தணல் சத்தம் போடாது. நித்திரையிலயே ஆளைக் கொண்டு போயிடும்!"

அந்த மனிதருக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அந்தத் தொனி எந்த மொழியிலும் ஒன்றுதான், எழுந்து வெளியே வந்துவிட்டார். அடுப்பின் பிடி கொதித்துக்கொண்டிருந்தது. அன்ரி சுற்றுமுற்றும் பார்த்தார், அவர் தலையில் இருந்த தொப்பியைப் பறித்தார், அதைக் கைப்பிடித் துணியாக்கி அடுப்பை மழைக்குள் இழுத்துப் போட்டார். நீலக் கட்சித் தொப்பி. அப்பாவுடையதாம். நடுவில் ஓட்டை விழுந்து புகைந்தது. அவர் அலறிய அலறலில் நாலு வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அந்தத் தாடிக்காரர் எங்கள் கூடாரத்துக்கு வந்தார். ராத்திரி தலை ஏன் அப்படி வலித்தது என்று மனைவிக்கு ஃபோன் போட்டுச் சொன்னாராம். மனைவி நர்ஸ். மூடிய கூடாரத்தில் தணலின் விஷவாயு ஆளைக் கொன்றிருக்கும் என்று அவர் சொன்னதும், மனிதர் நேரே இங்கே வந்துவிட்டார். அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்ரி அவரை உட்கார வைத்து இடியப்பமும் சொதியும் கொடுத்து, அந்தத் தொப்பியின் ஓட்டையில் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தும் கொடுத்தார். துணி சிவப்பு. "வேற நிறம் கைவசம் இல்லை தம்பி" என்றார் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. அன்றிலிருந்து அவர் பெயர் தம்பி. முகாமில் அவருடைய பியர் நண்பர்கள்கூட அவரைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள், அது ஏதோ பட்டம் என்று நினைத்து.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பொழுதுபடுவதற்கு முன்னால் அன்ரி வரிசையை ஒரு சுற்றுச் சுற்றுவார். கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பு இருந்தால் வெளியே வரும். கயிற்றுப் பக்கத்தில் ஜெனரேட்டர் இருந்தால் தள்ளிப் போகும். பழைய சோபாவைக் கொண்டுவந்து குடிவெறியில் கொளுத்துவது அந்த முகாமில் ஒரு வழக்கம். எங்கள் வரிசையில் சோபா கொண்டுவந்தவர்களால் அதில் உட்காரத்தான் முடிந்தது.

பிறகு ஒரு வருஷம் இரண்டு வரிசை தள்ளி, ஒரு கூடாரம் எரிந்தே போனது. அடுப்புச் சாய்ந்ததாம். ஆட்கள் தப்பினார்கள். அடுத்த ஆண்டு வாசலிலேயே கெடுபிடி. கூடாரத்துக்குக் கூடாரம் இடைவெளி விட வேண்டும். வேலிக்கு மேலே பார்க்கக் கட்டுகிற சாரங்கள் கூடாது. நெருப்பு என்றால் வரிசைக் கோடியில் உள்ள பொதுத் தீயிடத்தில், தரையில் படாத இரும்புத் தொட்டியில் மட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் விழித்திருக்கிற ஒரு ஆளும். கூடாரத்துக்குள் எரிகிற பொருள் எதுவும் கண்டால் கூடாரத்தை அங்கேயே பிரிக்க வேண்டும், அந்தக் குழுவுக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. எங்கள் இடம் மலை இறக்கத்தில், கார்கள் விழுவது போல இறங்கிவருகிற வளைவுக்கு நேர் எதிரே. அதற்காகக் கொலைகூடச் செய்வார்கள்.

முகாம் முழுக்க முணுமுணுப்பு. சோபா எரிக்கிற பண்பாட்டை அழிக்கிறார்கள் என்று ஒருவர் கண்கலங்கினார். அன்ரி மட்டும் திருவிழாவுக்கு வந்த மாதிரி இருந்தார். "இவ்வளவு நாளும் நான் தனியக் கத்தினன். இப்ப சட்டமே கத்துது பிள்ளை!" வரிசைக்கு ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தேர்தலே நடக்கவில்லை. எல்லாரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். ஆரஞ்சு நிற மேற்சட்டை ஒன்று கொடுத்தார்கள், அவருக்கு அது முழங்கால் வரை தொங்கியது. கழற்றவே இல்லை. அதோடேயே ரொட்டி சுட்டார், அதோடேயே செபமாலை சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை பாதுகாப்பு அதிகாரி பார்வையிட வந்தார். குட்டை முடியும் உரத்த சிரிப்பும் உள்ள பெண்மணி. அன்ரி அவரை ஒவ்வொரு கூடாரமாகக் கூட்டிப்போனார். தீயணைப்புக் கருவி, கயிறு, இடைவெளி, வாளி, எல்லாம் அச்சு மாதிரி இருந்தது. வரிசைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி தங்கள் கூடாரத்துக்கு முன்னால் நின்றார்கள். இதுதான் மலையிலேயே ஒழுங்கான வரிசை என்று அதிகாரி சொன்னார். அன்ரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வாங்கோ, மை டென்ட் லாஸ்ட். லுக், லுக்" என்று தன் கூடாரத்தின் திரையை விலக்கிக் காட்டினார்.

உள்ளே ஐஸ்பெட்டியின் மேல் அந்தோனியார். அவர் காலடியில், ஜாம் போத்தலுக்குள், சற்று முன்னால் கொளுத்திய மெழுகுதிரி அழகாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலியில் அங்கிள். அதிகாரி வந்த அவசரத்தில், முதல் முறையாக அன்ரி அவரைக் காவலுக்கு இருத்தியிருந்தார். தூங்கிக்கொண்டிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் இரண்டு குடும்பத்தில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. நமக்கு விளக்கு வேறு, நெருப்பு வேறு. அடுப்பில் எரிவது நெருப்பு, சாமிக்கு முன்னால் எரிவது வெளிச்சம். அந்த விதிகளை வரிவரியாகப் படித்து வரிசைக்கே பாடம் நடத்தியவரின் தலைமாட்டில் நான்கு வருஷமாக அது எரிந்துகொண்டிருக்கிறது. விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்! அதிகாரியின் சிரிப்பு நின்றது. அன்ரி அவர் முகத்தைப் பார்த்தார், அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"என்ர ஆண்டவரே. இதுவும் நெருப்புத்தானே!"

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். இது வேண்டுதல், மதம் சம்பந்தப்பட்டது, விசா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டார். தம்பி குறுக்கே வந்து நின்றார். வரிசையே கூடிவிட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அன்ரி மட்டும் குனிந்து, தன் கூடாரத்தின் முளையைப் பிடுங்கினார். ஒன்று, அடுத்தது, அதற்கு அடுத்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அன்ரி, என்ன பண்றீங்க? அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லலையே!"

"விடு பிள்ளை. ஆரோ ஒருத்தன்ர தொப்பியை எரிச்சுப் போட்டு நெருப்பை வெளியில இழுத்தனான். என்ர கூடாரத்துக்கு மட்டும் வேற சட்டமோ?" அடுத்த முளையில் கை வைத்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா திரியை மட்டும் நூர்க்கச் சொல்லாதேங்கோ. பிள்ளையள், அதை மட்டும் சொல்லாதேங்கோ."

கடைசி முளையும் வந்தது. தம்பியும் நானுமாகத் துணியைத் தூக்கி ஒரு பக்கம் சாய்த்தோம். அங்கிள் விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் வானம். எதிரே கட்சி வித்தியாசம் இல்லாமல் ஐம்பது பேர். அவர் அவசரமாக எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாக அடக்க வேண்டியிருந்தது. ஐஸ்பெட்டியின் மேல் அந்தோனியார் வெட்டவெளியில் நின்றார். திரி இன்னும் எரிந்தது.

அதிகாரி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கூடாரத்தைப் பிரிக்க வேண்டும் என்பது விதி, பிரித்தாகிவிட்டது என்றார். இப்போது கூடாரத்துக்குள் எரிகிற பொருள் எதுவும் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். வெளியே எரிகிற எதுவும் பொதுத் தீயிடத்துக்குப் போக வேண்டும், பக்கத்தில் வாளியும் விழித்திருக்கிற ஆளும் வேண்டும் என்றார். அங்கிளைப் பார்த்துவிட்டு, 'விழித்திருக்கிற' என்ற சொல்லை இன்னொரு தடவை அழுத்திச் சொன்னார். அடுத்த வருஷ இடத்தைப் பற்றிப் பிறகு யோசிப்பாராம். அன்ரி மேற்சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அதிகாரி அதை வாங்கித் தம்பியிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் கதை விடுகிறேன் என்கிறார்கள். அன்ரி சுருவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தம்பி ஆரஞ்சுச் சட்டையோடு, ஜாம் போத்தலைச் சுற்றிக் கைகளைக் குவித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். காற்று வந்தபோது ஒருவர் ஐஸ்பெட்டி மூடியைப் பிடித்தார், இன்னொருவர் தன் ஜாக்கெட்டை விரித்தார். சிவப்புத் தொப்பியும் நீலத் தொப்பியும் பின்னால் சேர்ந்துகொண்டே வந்தன. பியர் டின்னைக் கையில் வைத்திருந்தவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். யாரோ காரில் ஹாரன் அடித்தார்கள், வரிசை வரிசையாக மற்றவர்களும் அடித்தார்கள். அன்ரி திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. "எங்கட ஊர்ப் பெருநாள் தோத்துப் போச்சு பிள்ளை!"

தீயிடத்தில் கல்லடுக்கி அந்தோனியாரை நிறுத்தி, திரியை இரும்புத் தொட்டியின் ஓரத்தில் வைத்தோம். அன்ரி வழக்கம்போல அதன் பக்கத்தில் உட்காரப் போனார். ஆனால் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, அவருடைய கூடாரமோ புல்லில் கிடந்தது, மகள் வேறு சளியோடு வந்திருந்தாள். மழைக்கு முன்னால் அதைக் கட்டியாக வேண்டும். அந்தப் பழைய கூடாரத்தைக் கட்டத் தெரிந்தவர் எங்கள் இரண்டு வீட்டிலும் அவர் ஒருவர்தான். அவர் திரியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி திரியைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஆன்ட்டி, நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார் தம்பி. அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் மதுரைத் தமிழாக விழுந்ததால் அப்படியே எழுதுகிறேன்.

"நீ எழும்பிப் போயிடுவாய்."

"மாட்டேன்."

"பியர் குடிக்கக் கூடாது."

தம்பிக்கு அது கொஞ்சம் வலித்தது. "குடிக்க மாட்டேன்" என்றார்.

அன்ரி போனார். நாலடி போய்த் திரும்பினார். மறுபடி நாலடி போய்த் திரும்பினார். நான் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். தடி, கயிறு, முளை என்று அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே மைதானத்தில் பெரிய ஆரவாரம் கேட்டது. நீலக் கட்சியின் ஓட்டுநர்கள் ரசிகர்களைப் பார்க்க முகாமுக்குள் வந்திருக்கிறார்கள், தொப்பிகளில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு சனம் எங்களைத் தாண்டி ஓடியது. அன்ரியின் கை கயிற்றில் நின்றுவிட்டது. "அவன் போயிருப்பான்" என்றார் மெதுவாக. "போகட்டும். அவன்ர ஆக்கள் வந்திருக்கினம். நான் பிழை சொல்லேலாது."

கோணல்மாணலாகக் கட்டி முடித்துவிட்டு வந்தோம். தீயிடத்தைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். தம்பி மட்டும் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பை வில்லாக வளைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, போத்தலைச் சுற்றிக் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்தார். குற்றம் செய்த முகம்.

"ஆன்ட்டி, ஒரு தப்பு நடந்துபோச்சு. நடுவுல காத்துல அணைஞ்சிருச்சு. என் லைட்டர வச்சு மறுபடி பத்தவச்சேன். சொல்லாம இருந்திருக்கலாம், மனசு கேக்கல. இது செல்லுமா?"

எனக்குச் சட்டம் தெரியும். நூர்ந்தால் புதுத் திரி, முதலிலிருந்து. அன்ரியின் பையில் இன்னொரு திரி இருந்தது, அதுவும் எனக்குத் தெரியும். அன்ரி போத்தலுக்குள் குனிந்து பார்த்தார். நகக்கண் அளவுதான் பாக்கி இருந்தது. பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். குளிரில் காது இரண்டும் சிவந்திருந்தன. கையெழுத்து வாங்காத தொப்பி தலையில் இருந்தது.

"செல்லும் தம்பி," என்றார். "வடிவாச் செல்லும்."

அது எரிந்து முடிகிறவரை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அன்ரி அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. போத்தலைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீலம் ஜெயித்தது. தம்பி எங்கள் கூடாரத்துக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தில் இரண்டு கயிறு அறுந்தது, அன்ரி திட்டினார். எங்கள் இடத்தை அந்த அதிகாரி பறிக்கவில்லை. அடுத்த ஆண்டு விதிகளில் புதிதாக ஒரு வரி மட்டும் சேர்ந்திருந்தது. மெழுகுதிரியும் விளக்கும் பொதுத் தீயிடத்தில் மட்டுமே, அதற்கென்று காற்றுத் தடுப்பு வைத்த ஒரு மூலை உண்டு. அந்த வரியை எழுத வைத்தது எங்கள் அன்ரி என்று நான் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலத்தில், நான் ஸ்ட்ராத்ஃபீல்டில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டு நின்றபோது ஃபோன் வந்தது. "பிள்ளை, வந்திட்டுது" என்றார். என்ன என்று நான் கேட்கவில்லை. கடை நடுவில் வீறிட்டுக் கத்தினேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தரம் கத்தினேன். கொஞ்சம் அடங்கியதும், "யாருக்கெல்லாம் சொன்னீங்க அன்ரி? எனக்குத்தானே முதல்ல?" என்று கேட்டேன்.



"தம்பிக்குச் சொல்லிப் போட்டுத்தான் உனக்கு எடுக்கிறன். கோவிக்காத. அவன் ஓட்டிக்கொண்டு போன வானை றோட்டோரத்தில நிப்பாட்டிப் போட்டு அழுறான் பிள்ளை, நான் என்ன செய்ய?"

பக்கத்து வீட்டில் அத்தனை வருஷம் இருந்தவள் நான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எல்லாரும் போன பிறகும் அவருடைய திரியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான் இல்லையே.